ஓடிக் கேட்ட உதவி

தர்மம் செய்ய விரும்புகிறவர் பெட்டியைத் திறந்து பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகலாமே; அதற்காக ஒரு மனிதர் 26 மைல் தூரம் வியர்வை சொட்டச் சொட்ட ஓடுவானேன்? இப்படிக் கேட்கிறவர்கள் நம்மிடையே உண்டு. கேள்வி நியாயமான கேள்விதான். லண்டன் மாநகரில் 1981-ஆம் வருஷம் முதல் ஒரு மாரத்தான் ஓட்டம் நடந்து வருகிறது. 2024-ஆம் வருஷத்து ஓட்டத்தின் மூலம் பல தர்ம ஸ்தாபனங்களுக்குச் சேர்ந்த தொகை 7 கோடியே 35 இலட்சம் பவுன். இது ஓடியவர்கள் வென்ற பரிசுப் பணம் அல்ல. ஒவ்வொருவரும் தம் உற்றார் உறவினரிடமும், சிநேகிதரிடமும், உடன் வேலை பார்ப்பவரிடமும், "நான் இன்ன காரியத்துக்காக ஓடப் போகிறேன், உங்களால் இயன்றதைக் கொடுங்கள்" என்று கேட்டுப் பெற்ற பணம். ஓடியவர்களில் பெரும்பாலோர் பந்தயத்தில் வெல்லப் போவதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். பணம் கொடுத்தவர்களுக்கும் தெரியும். ஆயினும் ஓடுகிறார்கள், ஆயினும் கொடுக்கிறார்கள்.

ஓடுவதற்கும் கொடுப்பதற்கும் என்ன சம்பந்தம்? இதைத் தர்க்கம் பேசித் தீர்ப்பதைவிட ஒரு மனிதரின் சரித்திரத்தைச் சொல்லித் தீர்ப்பது மேல் என்று நமக்குத் தோன்றுகிறது. அவர் ஸ்டிலியானோஸ் கிரியாக்கிடீஸ் என்ற கிரேக்கர். பெயர் வாயில் நுழையச் சற்றுச் சிரமமாக இருக்கலாம். மனத்தில் நுழைந்துவிட்டால் பிறகு எளிதில் வெளியேறாது.

பசி ஆண்ட தேசம்

1941-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஜெர்மானியப் படைகள் கிரேக்க தேசத்துக்குள் புகுந்தன. சில வாரங்களில் ஜெர்மனி, இத்தாலி, பல்கேரியா ஆகிய மூன்றும் அந்தச் சிறிய நாட்டைத் தங்களுக்குள் பங்கிட்டுக் கொண்டன. கிரேக்க தேசம் மலையும் பாறையும் மிகுந்தது. தனக்கு வேண்டிய தானியத்தில் ஒரு பெரும் பகுதியைக் கடல் வழியாக வரவழைத்தே காலம் தள்ளி வந்தது. விளைந்ததைப் பிடித்தவர்கள் எடுத்துக் கொண்டார்கள். வெளியிலிருந்து வர வேண்டியதைப் பிரிட்டிஷ் கடற்படையின் முற்றுகை தடுத்தது. ஒரு பக்கம் பகைவன் கை, மறுபக்கம் நண்பன் கை. இரண்டுக்கும் நடுவே அகப்பட்டது ஏழையின் வயிறு.

அந்த வருஷத்துக் குளிர்காலத்தில் ஏதென்ஸ் நகரத்து வீதிகளில் மனிதர்கள் நடந்து போகும்போதே விழுந்து மாண்டார்கள். காலையில் வண்டிகள் வந்து பிணங்களை எடுத்துச் சென்றன. ரேஷன் சீட்டு போய்விடக் கூடாதே என்பதற்காக, இறந்தவர்களின் பெயரை அதிகாரிகளிடம் தெரிவிக்காமல் மறைத்த குடும்பங்களும் உண்டு. அந்நியர் ஆட்சி நீடித்த காலம் முழுவதிலும் பசியாலும் அதன் விளைவுகளாலும் இறந்தவர்கள் சுமார் 3 இலட்சம் பேர் என்று கணக்கிடுகிறார்கள். 1943-இல் வங்காளத்துப் பஞ்சத்தைக் கண்டது நம் நாடு. யுத்தம் என்பது போர்க்களத்தில் மட்டும் நடப்பதல்ல, அடுப்பங்கரையிலும் நடப்பது என்பதை நமக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கொடுமையைக் கேட்டு உலகம் அடியோடு சும்மா இருந்துவிடவில்லை. துருக்கியிலிருந்து 'குர்த்துலூஷ்' என்ற கப்பல் உணவு ஏற்றிக் கொண்டு சில தடவை வந்தது. 1942 ஜனவரியில் அது மர்மராக் கடலில் மூழ்கிப் போயிற்று. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரத்தில் சில நல்லவர்கள் கூடி, முற்றுகையைத் தளர்த்திக் கிரேக்கக் குழந்தைகளுக்கு உணவு போக வழி விட வேண்டும் என்று கிளர்ச்சி செய்ய 1942 அக்டோபரில் ஒரு கமிட்டி அமைத்தார்கள். இன்று உலகமெங்கும் 'ஆக்ஸ்பாம்' என்று பெயர் பெற்றிருக்கும் தர்ம ஸ்தாபனம் அந்தக் கமிட்டியிலிருந்து வளர்ந்ததுதான். அதே வருஷத்தின் பிற்பகுதியில் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஏற்பாட்டில், ஸ்வீடன் தேசத்துக் கப்பல்கள் கனடாவின் கோதுமையைக் கொண்டு வந்து இறக்கத் தொடங்கின. உயிர்கள் பிழைத்தன. ஆனால் பஞ்சம் தீர்ந்துவிடவில்லை.

1944 அக்டோபரில் ஜெர்மானியர் ஏதென்ஸை விட்டு ஓடினார்கள். சுதந்திரம் வந்தது; சோறு வரவில்லை. பணத்தின் மதிப்பு எவ்வளவு வீழ்ந்திருந்தது என்றால், அந்த வருஷம் நவம்பரில் 5,000 கோடி பழைய திராக்மாவைக் கொடுத்து ஒரே ஒரு புதுத் திராக்மாவை வாங்க வேண்டியிருந்தது. இதற்கிடையில் கிரேக்கர்கள் தங்களுக்குள்ளேயே இரு கட்சியாகப் பிரிந்து துப்பாக்கி தூக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

ஓட்டக்காரர் செய்த முடிவு

கிரியாக்கிடீஸ் 1910-ஆம் வருஷம் சைப்ரஸ் தீவில் ஸ்டாடோஸ் என்ற மலைக் கிராமத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். அப்போது அந்தத் தீவு பிரிட்டிஷாரின் ஆதிக்கத்தில் இருந்தது. ஓட்டத்தில் அவருக்கு இருந்த திறமை அவரைக் கிரேக்க தேசத்துக்குக் கொண்டு சேர்த்தது. 1936-இல் பெர்லின் ஒலிம்பிக் பந்தயத்தில் மாரத்தான் ஓடி 11-வதாக வந்தார். 1938-இல் அமெரிக்காவுக்குப் போய், புகழ் பெற்ற பாஸ்டன் மாரத்தானில் கலந்து கொண்டார். புதிய பாதரட்சை காலைக் கடித்துக் கொப்புளமாக்கிவிட்டது. பாதி வழியில் விலகிக் கொண்டார். மறுபடியும் ஒரு நாள் வந்து ஓடுவேன் என்று சொல்லிவிட்டு ஊர் திரும்பினார்.

பிறகு யுத்தம் வந்தது. அவர் ஏதென்ஸில் மின்சாரக் கம்பெனியில் வேலை பார்த்துக் கொண்டு, மனைவி மக்களுடன் மற்றவர்களைப் போலவே பசியுடன் போராடினார். ஒரு சமயம் ஜெர்மானியச் சிப்பாய்கள் அவரை நிறுத்திச் சோதனை போட்டபோது, சட்டைப் பையில் இருந்த பெர்லின் ஒலிம்பிக் அநுமதிச் சீட்டைக் கண்டு விட்டுவிட்டார்கள் என்று ஒரு வரலாறு உண்டு. அவருடைய நண்பரான மற்றொரு விளையாட்டு வீரர், வைத்தியர் கிரிகோரிஸ் லாம்பிராக்கிஸ். இவர் அந்நியர் ஆட்சிக் காலத்திலேயே விளையாட்டுப் பந்தயங்கள் நடத்தி, அதில் வந்த பணத்தைக் கொண்டு பசித்தவர்களுக்கு உணவு கொடுக்க ஏற்பாடு செய்தார். பிற்காலத்தில் பார்லிமெண்டு அங்கத்தினராகிச் சமாதானத்துக்காகப் பாடுபட்டு, 1963-இல் கொலையுண்டு மாண்ட அதே லாம்பிராக்கிஸ்தான். ஆகவே ஓடுகிற காலுக்கும் ஊட்டுகிற கைக்கும் உள்ள உறவு கிரியாக்கிடீஸுக்குப் புதிதல்ல.

1946-இல் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். "அமெரிக்காவுக்குப் போவேன், பாஸ்டனில் ஓடுவேன், வென்று, என் தேசத்தின் பசியை அந்த மக்களிடம் எடுத்துச் சொல்லுவேன்." இப்படி நினைப்பது எளிது. அவருக்கு அப்போது வயது 36. பல வருஷங்களாகப் பந்தயம் எதிலும் ஓடியதில்லை. உடம்பில் சதை இல்லை. கையில் காசும் இல்லை. பிரயாணச் செலவுக்காக வீட்டுச் சாமான்களை விற்றார் என்று சொல்லுகிறார்கள். வீட்டில் இருந்ததை விற்று, வீட்டில் இல்லாத உணவைத் தேடி, கடல் கடந்து போனார் அந்த மனிதர்.

பாஸ்டனில் அவரைப் பார்த்தவர்கள் திகைத்தார்கள். வைத்தியர்கள் அவருடைய மெலிந்த தேகத்தைப் பரிசோதித்துவிட்டு, இந்த நிலையில் ஓடினால் வீதியிலேயே உயிர் போய்விடக் கூடும் என்று தடுத்தார்களாம். வருவது வரட்டும், தம் பொறுப்பிலேயே ஓடுவதாக அவர் பிடிவாதம் பிடித்த பிறகே அநுமதி கிடைத்ததாம். அந்த நகரில் ஹோட்டல் நடத்தி வந்த ஜார்ஜ் டிமீட்டர் என்ற கிரேக்க வம்சத்தவர் அவரைத் தம் விருந்தினராக வைத்து ஆதரித்தார்.

ஏப்ரல் 20

பாஸ்டன் மாரத்தான் 1897 முதல் நடந்து வருவது. ஹாப்கின்டன் என்ற சிற்றூரில் தொடங்கி நகரத்துக்குள் வந்து முடியும். தூரம் 26 மைலும் 385 கெஜமும். அதாவது 42 கிலோமீட்டருக்கும் சற்று அதிகம். முதல் பகுதி பெரும்பாலும் இறக்கம். அறியாதவர்கள் அதிலே வேகமாக ஓடிக் காலின் பலத்தைச் செலவழித்துவிடுவார்கள். பதினாறாவது மைலுக்கு மேல் நியூட்டன் பகுதியில் வரிசையாக மேடுகள் வரும். உடம்பில் சேர்த்து வைத்திருந்த சக்தியெல்லாம் தீர்ந்து போகிற அந்த நேரத்தில்தான் மேடு ஏற வேண்டும். கடைசி மேட்டுக்கு 'நெஞ்சு நொறுங்கும் மேடு' என்று பொருள்படும்படி பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பெயர் வரக் காரணமாக இருந்தவர் ஜானி கெல்லி என்ற பாஸ்டன் வீரர். 1936-இல் அந்த மேட்டில் முன்னால் போனவரை எட்டிப் பிடித்து, முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டுக் கடந்து போனார். தட்டு வாங்கியவருக்கு ரோசம் பிறந்து அவரை மிஞ்சிவிட்டார். அதே கெல்லி 1935-லும் 1945-லும் அந்தப் பந்தயத்தை வென்றவர். 1946-இல் கிரியாக்கிடீஸ் எதிர்க்க வேண்டியிருந்தது இவரைத்தான். இவர் கிரியாக்கிடீஸுக்குப் பழைய நண்பர். பெர்லினில் இருவரும் சேர்ந்து ஓடியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 20-ந் தேதி பந்தயம் நடந்தது. மேடுகளெல்லாம் கடந்து, முடிவுக்குச் சில மைல்களே இருந்தபோது இருவரும் தோளோடு தோளாக ஓடிக் கொண்டிருந்தார்கள். ஒருவர் சொந்த ஊர்க்காரர், நன்றாக உண்டு பயிற்சி பெற்றவர், முந்திய வருஷம் வென்றவர். மற்றவர் பஞ்சத்திலிருந்து வந்தவர். கடைசிக் கட்டத்தில் கிரியாக்கிடீஸ் முன்னே பாய்ந்தார். வீதியோரத்தில் நின்ற கிரேக்க முதியவர் ஒருவர் தாய்நாட்டின் பெயரையும் குழந்தைகளின் பெயரையும் சொல்லிக் கூவி அவரை உற்சாகப்படுத்தினார் என்பார்கள். 2 மணி 29 நிமிஷம் 27 விநாடியில் அவர் எல்லைக் கோட்டைத் தாண்டினார். கெல்லி சுமார் 2 நிமிஷம் பின்தங்கி வந்தார். அந்த மனிதர் தமக்காக ஓடவில்லை, தேசத்துக்காக ஓடினார். அப்படிப்பட்டவரை எப்படி வெல்வது என்ற கருத்தில் கெல்லி பிறகு பேசியிருக்கிறார். தோற்றவர் வாயிலிருந்து வரும் புகழுக்கு மேல் வேறு பரிசு என்ன வேண்டும்?

வேறு பரிசு அதிகம் இருக்கவும் இல்லை. அக்காலத்தில் பாஸ்டனில் வென்றவருக்குப் பணம் கிடையாது. பணப் பரிசு கொடுக்கும் வழக்கம் 1986-இல்தான் அங்கே வந்தது. வெற்றி அவருக்குக் கொடுத்தது வேறொன்று: பேச ஒரு மேடை. மறுநாள் பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதின. எலும்பும் தோலுமாக இருந்த வீரரின் படத்தைப் பார்த்தவர்களுக்குக் கிரேக்க தேசத்தின் பஞ்சத்தைப் பற்றி நீண்ட வியாசம் எழுத வேண்டியதில்லை. அவர் உடம்பே வியாசமாக இருந்தது. சுமார் ஒரு மாத காலம் அமெரிக்காவில் தங்கி, அங்கே குடியேறியிருந்த கிரேக்கர்களிடமும் மற்றவர்களிடமும் உதவி கேட்டார். உணவு, உடை, மருந்து என்று 25,000 டன் வரையில் பொருள்களும், சுமார் 2,50,000 டாலர் ரொக்கமும் திரண்டன என்று கணக்குச் சொல்லுகிறார்கள். மே மாதத்தில் அவர் திரும்பியபோது ஏதென்ஸ் நகரமே வீதிக்கு வந்துவிட்டது. யுத்தம் தொடங்கியதிலிருந்து இருண்டு கிடந்த அக்ரோபோலிஸ் குன்றின் மேல் அன்று இரவு முதல் தடவையாக விளக்கேற்றினார்கள்.

இது எவ்வளவு பெரிய காரியம்?

இங்கே கணக்குப் பார்க்கிற வாசகர் ஒருவர் எழுந்து, "ஐயா, ஒரு தேசத்தின் பசிக்கு 2,50,000 டாலர் எந்த மூலை?" என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். ஐக்கிய நாடுகளின் நிவாரண ஸ்தாபனம் பல கோடி டாலர் பெறுமான உணவை அந்த நாட்டுக்கு அனுப்பியது. 1947-இல் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் கிரீஸுக்கும் துருக்கிக்குமாகத் தம் காங்கிரஸிடம் கேட்ட தொகை 40 கோடி டாலர். ஓட்டக்காரர் கொண்டு வந்தது இவற்றின் முன்னால் சிறு துளிதான். உள்நாட்டு யுத்தத்தையும் அவருடைய ஓட்டம் நிறுத்திவிடவில்லை. அது 1949 வரையில் நீடித்து, அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் கொன்று தீர்த்தார்கள். தர்மம் செய்ய வேண்டிய வேலை ஒன்று. அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை வேறொன்று. முன்னதைக் காட்டிப் பின்னதைத் தட்டிக் கழிக்க யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் அரசாங்கங்கள் அனுப்பிய கோதுமைக்கு முகம் கிடையாது. அது எந்தக் கணக்குக்காக வந்தது, நாளை அதற்கு என்ன விலை கேட்பார்கள் என்று பெறுகிறவன் உள்ளுக்குள் அஞ்சிக் கொண்டே உண்ண வேண்டும். கிரியாக்கிடீஸ் கொண்டு வந்த உணவு அப்படிப்பட்டதல்ல. தங்களில் ஒருவர் தம் காலால் சம்பாதித்த உணவு அது. ஏதென்ஸ் மக்கள் வீதிக்கு வந்தது டன் கணக்கைப் பார்த்தல்ல. தாங்கள் இன்னும் பிச்சைக்காரர்களாகிவிடவில்லை என்று ஒருவர் நிரூபித்துவிட்டார் என்பதற்காகவே என்று நாம் கருதுகிறோம்.

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வரலாம். உதவி கேட்பது கடினமான காரியம். கேட்கிறவன் தாழ்ந்து நிற்கிறான். கொடுக்கிறவன் உயர்ந்து நிற்கிறான். இந்த ஏற்றத் தாழ்வினால் எத்தனையோ நல்ல காரியங்கள் கெட்டுப் போகின்றன. கேட்கிறவன் முதலில் தன்னுடையதாகிய ஒன்றை, அதாவது தன் உடம்பின் உழைப்பையும் வலியையும், முன்னால் வைத்துவிட்டால் அந்த ஏற்றத் தாழ்வு மறைந்து போகிறது. "நான் கொடுக்கக் கூடியதைக் கொடுத்துவிட்டேன், இனி உங்கள் முறை" என்று அவன் நிமிர்ந்து நின்று சொல்லலாம். கொடுக்கிறவரும் ஒரு முயற்சியில் பங்குதாரர் ஆகிறார். ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தைத் தொட்டவர் எல்லாருக்கும் அந்தப் புண்ணியம் உண்டல்லவா?

இதற்கு வென்றுதான் ஆக வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. கனடா தேசத்தில் டெர்ரி பாக்ஸ் என்ற இளைஞர், புற்றுநோயினால் வலது காலை இழந்தவர், அந்த நோயின் ஆராய்ச்சிக்குப் பணம் சேர்ப்பதற்காக 1980-ஆம் வருஷம் ஏப்ரல் 12-ந் தேதி அட்லாண்டிக் கடற்கரையிலிருந்து பொய்க்காலுடன் ஓடத் தொடங்கினார். நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மாரத்தான் தூரம். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடிய பிறகு நோய் நுரையீரலுக்குப் பரவி அவரை நிறுத்திவிட்டது. பசிபிக் கடலை அவர் எட்டவில்லை. 1981 ஜூனில், 23 வயது நிறைவதற்கு ஒரு மாதம் இருக்கையில், காலமானார். ஆனால் கனடாவின் ஜனத்தொகையில் தலைக்கு ஒரு டாலர் வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். இறப்பதற்கு முன்பே 2 கோடியே 40 இலட்சம் டாலருக்கு மேல் சேர்ந்துவிட்டது. கிரியாக்கிடீஸ் வென்றிராவிட்டால் அவர் பேச்சை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். டெர்ரி பாக்ஸோ ஓட்டத்தை முடிக்கக்கூட இல்லை. லண்டனில் ஓடுகிறவர்களின் பெயரே நமக்குத் தெரியாது. மூவகையினருக்கும் பொதுவானது ஒன்றுதான்: பிறரிடம் கை நீட்டுவதற்கு முன் தம்மையே நீட்டிக் கொடுத்தார்கள்.

ஆகையால், தர்மத்துக்காக ஓடுகிறேன் என்று யாராவது நம்மிடம் வந்தால் பார்க்க வேண்டியது இரண்டு. கொடுக்கிற பணம் கூட்டத்துக்கும் கொட்டுமேளத்துக்கும் போகாமல் உரிய இடத்துக்குப் போய்ச் சேருகிறதா என்பது ஒன்று. ஓடுகிறவர் ஓட்டத்தைத் தம் விளம்பரத்துக்காக ஓடுகிறாரா, காரியத்துக்காக ஓடுகிறாரா என்பது மற்றொன்று. இரண்டும் சரியாக இருந்தால் தயங்காமல் கொடுக்கலாம்.

மாரத்தான் என்ற பெயர் எப்படி வந்தது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சொல்லுவார்கள். கி.மு. 490-இல் மாரத்தான் சமவெளியில் பாரசீகரை வென்ற செய்தியை ஏதென்ஸுக்கு ஓடி வந்து சொல்லிவிட்டு உயிர் விட்டான் ஒரு வீரன் என்பது கதை. ஆனால் அந்தக் கதை பல நூற்றாண்டுகளுக்குப் பின்னால் வந்தவர்கள் எழுதியது. யுத்தம் நடந்த காலத்துக்கு நெருங்கிய சரித்திர ஆசிரியரான ஹெரடோட்டஸ் சொல்லுவது வேறு. அவர் கூறும் ஓட்டக்காரன் வெற்றிச் செய்தியைக் கொண்டு ஓடவில்லை. யுத்தத்துக்கு முன்பே ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு, சுமார் 240 கிலோமீட்டர் தூரம், "எங்களுக்கு உதவி செய்யுங்கள்" என்று கேட்பதற்காக ஓடினான். பௌர்ணமி வரையில் புறப்பட முடியாது என்று ஸ்பார்ட்டர்கள் சாக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

உதவி கேட்டு ஓடிய அந்தப் பழைய கிரேக்கனுக்குக் கிடைக்காத பதில், இரண்டாயிரத்து நானூறு வருஷங்களுக்கும் மேல் கழித்து அவன் வழியில் ஓடிய புதிய கிரேக்கருக்குக் கிடைத்தது. ஹாப்கின்டனில், பந்தயம் போகும் பாதையின் ஓரத்தில், 2006-ஆம் வருஷம் ஒரு சிலை நாட்டினார்கள். 1896 ஒலிம்பிக் மாரத்தானை வென்ற கிரேக்கரான ஸ்பிரிடான் லூயிஸும் கிரியாக்கிடீஸும் அதில் சேர்ந்து ஓடுகிறார்கள். ஒவ்வொரு வருஷமும் ஆயிரக்கணக்கானவர்கள் அந்தச் சிலையைக் கடந்து ஓடுகிறார்கள். அவர்களில் யாரோ ஒரு நோயாளிக்காகவும், எங்கோ ஒரு குழந்தைக்காகவும் ஓடுகிறவர்கள் பலர். அவர்கள் கேட்கிறபோது பௌர்ணமியைக் காரணம் காட்டாதவர்களாக நாம் இருப்போமாக!